ஏத்தன் குலைக்கு வந்த விலை

குலையை இரண்டு பேர் சேர்ந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள். சபை முற்றத்துப் பந்தலில் போட்டிருந்த மேசைமேல் அதை நிறுத்தியதும் மேசை ஒரு பக்கமாக இறங்கியது. யாரோ ஓடிப்போய்க் காலுக்கு அடியில் ஓர் ஓட்டுத் துண்டைச் செருகினார்கள். காய் ஒவ்வொன்றும் என் முழங்கை நீளம் இருந்தது. காம்பில் வெட்டிய இடத்திலிருந்து கறை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"அடுத்தது ஏத்தன் குலை! நம்ம தங்கத்துக்க வீட்டு விளைச்சலாக்கும். ஆரு கேக்குதிய?"

மைக்கில் வில்சன் சார். பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் சபையின் செயலாளர். ஏலம் விடுவதில் நெய்யாற்றின்கரை வரைக்கும் பேர் எடுத்தவர். மற்ற ஊர்க்காரர்கள் நேந்திரன் என்று சொல்லும் வாழையைத்தான் நாங்கள் ஏத்தன் என்போம்.

நான் பெண்கள் பக்கம், மூன்றாவது வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மடியில் கைப்பை. கைப்பைக்குள் நான்காக மடித்த ஒரு சீட்டு. அன்று நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. ஆனால் கோபம் மட்டும் ஒரு துளிகூடக் குறையவில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் இந்த வாரம் எழுத வேண்டியிருக்கிறது.

எலுமிச்சம்பழத்துக்கு ஆட்டு விலை

அறுப்புப் பண்டிகை ஏலத்தைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆராதனை முடிந்ததும் அவரவர் வீட்டில் விளைந்ததைக் கொண்டுவந்து முற்றத்தில் வைப்போம். மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கு, தேங்காய், பலாச்சக்கை, நாலு முட்டை, கால் கட்டிய கோழி, வீட்டில் சுட்ட கேக், எதுவும் ஆகலாம். அதை ஏலம் விட்டு வருகிற பணம் சபைக்கு.

இந்த ஏலத்தில் பொருளுக்கும் விலைக்கும் சம்பந்தம் இருக்காது. ஒரு எலுமிச்சம்பழம் ஆட்டுக்குட்டி விலைக்குப் போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். யார் அதிகம் கேட்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை. வளைகுடாவிலிருந்து லீவில் வந்தவர்கள் இருந்தால் அந்த வருடம் முட்டைக்குக்கூட யோகம்தான். எனக்கும் அந்த வேடிக்கை பிடிக்கும். நானே ஒரு வருடம் வாய் சும்மா இருக்காமல் ஒரு பூசணிக்காயைக் கேட்டு மாட்டிக்கொண்டு, வீட்டில் இரண்டு வாரம் பூசணிக்காய்க் கறி தின்றோம். என் வீட்டுக்காரர் அதை இன்றுவரை சொல்லிக் காட்டுவார்.

தங்கத்தின் குலைக்குப் போட்டியிட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் சிமெண்ட் கடைக்காரர். இன்னொருவர் ஜெபமணி, கட்டிட காண்ட்ராக்டர். பாறசாலைக்கும் காரோட்டுக்கும் இடையில் புதிதாக எழும்புகிற வீடுகளில் பாதி அவர் கட்டுவதுதான். இருவருக்கும் கம்பி வாங்கியதில் ஏதோ பிணக்கு. அதைத் தீர்க்க அந்தக் குலை வசதியாக இருந்தது.

ஒருவர் கேட்க, மற்றவர் ஏற்ற, வில்சன் சார் இருவரையும் மாறி மாறிக் கிள்ளிவிட, கூட்டம் கைதட்டியது. தங்கம் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளும் சிரித்தாள். அவள் உதடு வெள்ளையாக இருந்தது. ஏன் வெள்ளையாக இருந்தது என்பது அந்த முற்றத்தில் எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஊசி அக்கா

கேரள எல்லையோரப் பாறசாலையிலிருந்து குளத்தூர் போகிற வழியில் ஒரு சந்துக்குள் முப்பது வருடமாக ரத்தப் பரிசோதனை லேப் வைத்திருக்கிறேன். போர்டில் மேலே மலையாளம், கீழே தமிழ். என் பெயர் எஸ்தர் என்பது ஆதாரில் இருக்கிறது. ஊரில் என் பெயர் ஊசி அக்கா. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருக்கிறவர் பாயசத்தைத் தள்ளி வைப்பார். அவருடைய சர்க்கரை அளவு எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும்.

எனக்கு இருந்த ஒரே கௌரவம் என் வாய்தான். மற்ற விஷயத்தில் அது பூட்டு இல்லாத வாய். ரத்த விஷயத்தில் மட்டும் திறக்காது. யாருக்கு என்ன என்று வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை. அவர் கேட்டதும் இல்லை. அவருக்குத் தன் கோழிகளின் ஆரோக்கியம் ஒன்றே கவலை.

அந்த வருடம் பண்டிகைக்குச் சில வாரம் முன்பு, எங்கள் வாசகசாலை ஆண்டு விழாவில் பட்டிமன்றம் வைத்தார்கள். வாழ்க்கைக்குப் பெரிது ஆரோக்கியமா, செல்வமா? லேப் வைத்திருக்கிறவள் என்பதால் என்னை ஆரோக்கியம் அணியில் போட்டார்கள். நான் பேசினேன் பாருங்கள்! மெத்தை வாங்கலாம், தூக்கம் வாங்க முடியுமா என்றேன். பட்டு வாங்கலாம், அதை உடுத்த ஓர் உடம்பு வாங்க முடியுமா என்றேன். உடம்பைக் கவனியுங்கள், ஓய்வெடுங்கள், பணம் பிறகு வரும் என்றேன். கைதட்டல் ஓயவில்லை. எங்கள் அணி ஜெயித்தது. பரிசாக ஒரு பிளாஸ்டிக் வாளி கொடுத்தார்கள். அந்த வாளியில்தான் இன்றும் லேப் தரையைத் துடைக்கிறோம்.

தங்கம் அன்று முன்வரிசையில் இருந்தாள். நாற்பத்தைந்து வயது. கணவர் நாலு வருடம் முன்பு போய்விட்டார். மகள் பெங்களூரில் நர்சிங் படிக்கிறாள். தங்கத்துக்கு மைக்காட்டு வேலை, அதாவது கொத்தனாருக்குக் கீழே சாந்துச் சட்டி சுமக்கிற வேலை. வார்ப்பு நாளில், மேல்தளத்துக்கு கான்கிரீட் போடுவதைத்தான் வார்ப்பு என்போம், பன்னிரண்டு பெண்கள் கீழிருந்து மேல் வரை வரிசையாக நின்று சட்டியைக் கை மாற்றிக் கை மாற்றி ஏற்றுவார்கள். மிஷின் வந்துவிட்டது. ஆனால் எங்கள் ஊர்ச் சந்துகளுக்குள் மிஷின் வராது, பெண்கள்தான் வருவார்கள்.

பண்டிகைக்கு முந்தின நாள் காலையில் அவள் லேப்புக்கு வந்தாள்.

"அண்ணைக்கு நீங்க பேசுனது நெஞ்சுல தச்சுப் போச்சு அக்கா. அதுதான் வந்தேன். நாலு படி ஏறுனா தலை கறங்குது. வலிய சீணம், ஒடம்பு தளந்து போவுது."

ரத்தம் எடுத்தேன். ஊசிக்குள் ஏறியது வெளுத்திருந்தது. ஹீமோகுளோபின் பன்னிரண்டாவது இருக்க வேண்டிய இடத்தில் ஆறுகூட இல்லை. அந்த ரத்தத்தை வைத்துக்கொண்டு எழுந்து நடப்பதே பெரிது. அவள் கான்கிரீட் சுமந்துகொண்டிருந்தாள்.

அவளுக்குக் காரணம் தெரிந்தே இருந்தது. கர்ப்பப்பையில் கட்டி. மாதத்தில் பாதி நாள் உதிரப்போக்கு. அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஆறு மாதம் முன்பே ஆப்பரேஷன் செய்யச் சொல்லி, அதற்குப் பிறகு மூன்று மாதம் எதையும் தூக்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார்.

"பின்ன என்ன மக்கா, போய்ப் படுக்க வேண்டியதுதானே? அங்க காசா கேக்காங்க?" என்றேன்.

"ஆப்பரேசன் ஓசியாக்கும் அக்கா. படுத்துக் கெடக்கதுக்குத்தான் காசு."

என் பட்டிமன்றப் பேச்சு முழுவதையும் அவள் ஒரே வரியில் சுருட்டி என் கையில் கொடுத்துவிட்டாள். சீட்டை நாளைக்குச் சபை முடிந்ததும் தருகிறேன் என்று மட்டும் சொன்னேன். டைப் செய்து, கையெழுத்துப் போட்டு, மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

மூன்று தரம்

மறுபடியும் பந்தலுக்கு வருகிறேன். சிமெண்ட் கடைக்காரர் கடைசியில் கையைத் தூக்கிக் கும்பிட்டுவிட்டார். "ஒரு தரம்! ரெண்டு தரம்! மூணு தரம்!" குலை ஜெபமணிக்கு. அவர் கேட்ட தொகை, தங்கம் ஒரு மாதம் முழுக்க அவரிடமே சட்டி சுமந்து வாங்குகிற கூலி. கூட்டம் எழுந்து நின்று தட்டியது.

அதோடு அவர் சும்மா போயிருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன். போகிறவரை வில்சன் சார் பிடித்து, ரெண்டு வார்த்தை சொல்லும் என்று மைக்கைக் கொடுத்தார்.

"பணம் என்ன பணம்," என்றார் ஜெபமணி. "இன்னைக்கு வரும், நாளைக்குப் போவும். தேக சுகம் உண்டா, அதுதான் வலிய சொத்து. அண்ணைக்கு நம்ம எஸ்தர் அக்கா பேசுனாங்கல்லா, அதுதான் சத்தியம்!"

என்னைப் பார்த்து ஒரு கும்பிடு வேறு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தான் கட்டுகிற வீட்டில் ரத்தம் இல்லாத ஒருத்தி ஏணியில் தொங்குகிறாள். அவளுடைய குலையையே கையில் வைத்துக்கொண்டு இந்த மனிதர் தேக சுகத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறார். அதுவும் என் வாய் வார்த்தையைக் கடன் வாங்கி! நான் எழுந்து போனதும், மைக்கைப் பிடுங்கியதும் எனக்கே சரியாக நினைவில்லை. பேசியது நினைவிருக்கிறது. மறக்க விடாமல் அது வீடியோவிலும் இருக்கிறது.

"இன்னொரு சாமானும் ஏலத்துக்கு உண்டு!" கைப்பையைத் திறந்து சீட்டை எடுத்து உயர்த்திப் பிடித்தேன். "இது தங்கத்துக்க ரத்தச் சீட்டு. அவளுக்க உடம்புல ரத்தம் பாதிகூட இல்ல. ஆப்பரேசன் செய்யணும், மூணு மாசம் வேலைக்குப் போவாம வீட்டுல இருக்கணும். குலைக்கு இவ்வளவு கேட்டியளே, இதுக்கு ஆரு கேக்குதிய? சொல்லுங்க! ஒரு தரம்!"

மேசைக்கு அடியில் கால் கட்டிக் கிடந்த கோழி மட்டும் கொக்கரித்தது. கேட்கப் போகிறவர்கள் போலச் சிலர் போதகரைப் பார்த்தார்கள். போதகர் பந்தலைப் பார்த்தார். "ரெண்டு தரம்" என்று சொல்வதற்குள் வில்சன் சார் மைக்கை அணைத்துவிட்டார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு தங்கம் வந்தாள். மெதுவாகத்தான் வந்தாள், வேகமாக நடக்க அவளிடம் ரத்தம் ஏது? என் கையிலிருந்த சீட்டை எடுத்து மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். என்னை ஏறிட்டும் பார்க்காமல் வாசலுக்கு நடந்தாள். அடுத்து முட்டை ஏலம் தொடங்கியது.

ஒரே ஓர் எண்

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் வீடியோ சபை வாட்சப் குழுவில் ஓடியது. சாயங்காலத்துக்குள் ஒற்றசேகரமங்கலத்தில் இருக்கிற என் நாத்தனார் போன் செய்து, கலக்கிட்டியே என்றாள். நானும் முட்டாள்தனமாகக் கொஞ்சம் பெருமைப்பட்டேன். யாராவது தங்கத்துக்கு உதவி செய்ய வருவார்கள் என்று இரண்டு நாள் எதிர்பார்த்தேன்.

புதன்கிழமை தங்கமே வந்தாள். லேப்பில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு உள்ளே வந்து, உட்காராமல் நின்றாள்.

"வேலைக்கு வரண்டாம்னு மொதலாளி சொல்லிட்டாரு."

"ஆரு, ஜெபமணியா? என்னத்துக்கு?"

"என்னத்துக்கா? நீங்கதானே அக்கா நாடு முழுக்க விளிச்சுச் சொன்னிய, எனக்கு ரத்தம் இல்லன்னு. ஏணியில இருந்து விழுந்து செத்தா அவருக்க தலையில வரும்லா? சிமெண்ட் கடைக்காரரு ஆளுகளும் எடுக்க மாட்டேன்னுட்டாங்க." அவள் குரல் உயரவே இல்லை. "எனக்க உடம்புல உள்ள கேட்டை ஆம்பிளைய முன்னாடி வச்சு விளம்பினிய. அதையும் பொறுத்தேன். எனக்க வேலையும் போச்சே அக்கா. அடுத்த மாசம் பிள்ளைக்கு என்னத்த அனுப்புவேன்?"

முப்பது வருடம் திறக்காத வாயை ஒரு நாள் திறந்தேன். எனக்கு ஆத்திரம் தீர்ந்தது. அவளுக்கு அடுப்பு அணைந்தது. அவளைக் கேட்டா நான் அந்தச் சீட்டை எடுத்தேன்? அவள் உடம்பு அவளுடையது, நோய் அவளுடையது; கோபம் என்னுடையது என்பதற்காக அதை மேசைமேல் வைக்க நான் யார்?

"மன்னிச்சிரு மக்கா," என்றேன்.

"மன்னிப்பு எனக்கு வேண்டாம். ஒரு காரியம் செய்வியளா? லேப் சீட்டு கொண்டு வா, ரத்தம் உண்டுன்னு அதுல இருந்தா வேலை தாறேன்னு சொல்லுதாரு." முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சீட்டை மேசையில் விரித்தாள். அந்த எண்மேல் விரலை வைத்தாள். "இது மட்டும். பன்னெண்டுன்னு ஒண்ணு அடிச்சுத் தாங்க. நம்பர் ஒண்ணுதானே அக்கா."

ஆம், ஒரே ஓர் எண். விசைப்பலகையில் இரண்டு தட்டு. நான்தான் அவள் வேலையைப் பறித்தேன். இரண்டு தட்டில் திருப்பிக் கொடுத்துவிடலாம். கணினி முன்னால் உட்காரவும் உட்கார்ந்தேன். ஆனால் அந்தப் பன்னிரண்டை நம்பி அவள் ஏணியில் ஏறுவாள். மூன்றாவது மாடியிலிருந்து அவள் விழும்போது அந்தச் சீட்டில் என் கையெழுத்து இருக்கும்.

"முடியாது தங்கம்," என்றேன்.

"மேடையில பேசக் கழியும். மைக்கில கத்தக் கழியும். இது மட்டும் கழியாது, இல்லியா?" சீட்டை மடித்துக்கொண்டு போய்விட்டாள். அன்று வெளியே எல்லோருக்கும் வெயில் அடித்தது. எனக்கு மட்டும் எது சரி என்று தெளிவாகத் தெரியவில்லை.

"அது பற்றூல்ல, சேச்சி"

மறுநாள் ஜெபமணியைத் தேடிக்கொண்டு காரோட்டுப் பக்கம் அவர் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்குப் போனேன். கீழ்தளம் முடிந்து மேல்தளத்துக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். குளியலறையே நான்கு. மாடியில் ஓடுகிற மிஷின் வைத்து நடக்க ஒரு தனி அறையாம். வீட்டுச் சொந்தக்காரருக்கு உடம்பு இளைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். ஏழை வீட்டுப் பெண் ஏணியில் ஏறி இளைத்துக்கொண்டிருக்கிறாள், அவளைப் பார்த்தால் போதாதா என்று வாய்வரை வந்தது.

"தங்கத்துக்குத் தூக்காத வேலை ஒண்ணு கொடும். சுவரு நனைக்கது, சாக்கு எண்ணுது, ஏதாவது. இல்லன்னா மூணு மாசத்துக்கு ஒரு பாதிக் கூலியாவது கொடும். இத்தனை வருசம் உமக்கு வேலை செஞ்சவ," என்றேன்.

தமிழில் சிரித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று மலையாளத்துக்கு மாறினார். எங்கள் ஊரில் ஒரு காரியத்தை முடித்துவைக்க வேண்டும் என்றால் அப்படித்தான் மாறுவார்கள்.

"அது பற்றூல்ல, சேச்சி."

முடியாது என்பதை இவ்வளவு மரியாதையாக வேறு எந்த மொழியிலும் சொல்ல முடியாது.

"குலைக்குக் கொடுக்கப் பற்றிச்சே?"

"அது தேவனுக்குக் கொடுத்ததுல்லா! அதையும் இதையும் சேத்து வச்சுப் பேசாதிய." அவருக்கு உண்மையாகவே மனம் புண்பட்டது, முகத்தில் தெரிந்தது. "அக்கா, நான் துஷ்டன் இல்ல. இவளுக்குக் கொடுத்தா நாளைக்குப் பத்துப் பேரு வருவா. நீங்க சொன்னதுதானே, உடம்பைப் பாக்கணும்னு? அவ வீட்டுல இருந்து உடம்பைப் பாக்கட்டும்."

என் பேச்சைக் கொண்டே என்னை மடக்கினார். திரும்பி வரும் வழியெல்லாம் பேருந்தில் வாய்க்குள் அவரோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். பக்கத்து இருக்கைக்காரி எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டாள்.

ஆரோக்கியமா செல்வமா என்று கேட்கிறவர்களைப் பாருங்கள். இரண்டில் ஒன்றாவது கையில் இருக்கிறவர்கள்தான் அதை வைத்துப் பட்டிமன்றம் நடத்துகிறார்கள். தங்கத்துக்கு அந்தக் கேள்வியே இல்லை. அவளுக்கு உடம்புதான் பணம். உடம்பு நின்றால் பணம் நிற்கும். பணம் நின்றால் உடம்பைப் பார்க்க முடியாது. இந்தச் சக்கரத்துக்குள் அகப்பட்டவளைப் பார்த்து, எது பெரிது, சொல் என்று மைக்கை நீட்டுவது அயோக்கியத்தனம். அந்த அயோக்கியத்தனத்துக்குத்தான் எனக்கு வாளி கொடுத்தார்கள்.

பதினோரு பேர்

பத்துப் பதினைந்து நாள் தங்கத்தைப் பற்றிச் செய்தி இல்லை. அவள் வீட்டுக்குப் போக எனக்கு முகம் இல்லை. ஒரு நாள் காலையில் லேப்பைத் திறக்கும்போது சந்து முழுக்கப் பெண்கள் நின்றார்கள். முன்னால் சரோஜினி. வார்ப்புப் பெண்களுக்கு அவள்தான் தலைவி. எங்கள் சபைக்காரி அல்ல. தேவி கோயிலில் பொங்கல் இடுகிறவள். சிமெண்டில் வெந்த கைகள், ஐம்பது வயது, யாருக்கும் பயப்படாத குரல்.

"நாங்க பதினோரு பேரு உண்டு. எங்களுக்கெல்லாம் ரத்தம் என்ன குரூப்புன்னு பாரு. தங்கத்துக்கு ஆப்பரேசனுக்கு முந்தி ரத்தம் ஏத்தணுமாம்."

"படுக்கச் சம்மதிச்சாளா?"

"சம்மதிக்காம? ஏட்டி, எங்கள சட்டி தூக்க மட்டும் விளிக்கிற ஆளுகன்னு நினைச்சியா?" சரோஜினி என் நாற்காலியில் உட்கார்ந்தாள். "அவளுக்குச் சீணம்னு எங்களுக்கு எப்பவே தெரியும். ஏணியில அவ மூச்சு விடுத சத்தம் கேக்காதா? ஆறு மாசமா அவளை ஏணியில ஏத்தல்ல. கீழ நின்னு சட்டி நெறைக்க வச்சோம். மொதலாளி கண்ணுல படாம வச்சிருந்தோம். நீ வந்து மைக்கில சொல்லி எல்லாத்தையும் கொளமாக்கிட்ட."

எனக்கு மட்டும் தெரியும் என்று நான் நினைத்த ரகசியத்தைப் பதினோரு பேர் சேர்ந்து பத்திரமாகச் சுமந்திருக்கிறார்கள்.

ஒவ்வொருத்தியாக விரலை நீட்டினார்கள். குரூப்போடு ஹீமோகுளோபினும் பார்த்தேன். குரூப் சேருகிறதா என்பது பிறகு. அந்தப் பதினோரு பேரில் அடுத்தவளுக்குக் கொடுக்கிற அளவுக்கு ரத்தம் இருந்தது மூன்றே பேருக்கு. மற்ற எட்டுப் பேரும் தங்கத்தைவிடக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். எங்கள் ஊரின் மூன்று மாடி வீடுகளையெல்லாம் ஏற்றி நிறுத்தியது இந்த ரத்தம்.

"சரி, மூணு உண்டுல்லா," என்று எழுந்தாள் சரோஜினி. "எவ்வளவு ஆச்சு?"

"ஒண்ணும் வேண்டாம்."

"வேண்டாம்னா வேண்டாம்," என்று போய்விட்டாள். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு வெட்கமாக இருந்திருக்கும்.

தங்கத்துக்கு ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். பழத்தை வாங்கிக்கொண்டாள், இரண்டு வார்த்தை பேசினாள். அதன்பிறகு டாக்டர் ரத்தம் பார்க்கச் சொன்னபோதெல்லாம் அவள் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் களியக்காவிளையில் ஒரு லேப்புக்குப் போனாள். இன்றும் அங்கேதான் போகிறாள். என் லேப் அவள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். இது அவள் எனக்குப் போட்ட தண்டனை. குறைத்துத் தரும்படி நான் கேட்கவில்லை.

இடைவெளி

அவள் வீட்டில் படுத்திருந்த நாட்களில் எங்கள் சந்துக்கு எதிரே ஒரு வீட்டுக்கு வார்ப்பு நடந்தது. ஜெபமணியின் வேலைதான். லேப் வாசலில் நின்று பார்த்தேன். அடுப்பில் பிரியாணி வெந்துகொண்டிருந்தது. வார்ப்பு நாளில் அது வீட்டுக்காரர் செலவு. பெண்கள் வரிசையாக நின்று சட்டியைக் கை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

வரிசையில் கீழே ஓர் இடம் காலியாக இருந்தது. ஒரு ஆள் நிற்கிற அளவு இடைவெளி. அதற்கு இந்தப் பக்கம் நின்றவள் ஒவ்வொரு சட்டியையும் வாங்கிக்கொண்டு இரண்டு எட்டு நடந்து அடுத்தவளிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தாள். நெருங்கி நின்றிருந்தால் அந்த நடை வேண்டாம். பதிலுக்கு ஒரு வங்காளிப் பையனைத் தருகிறேன் என்று ஜெபமணி சொன்னதற்கும் சரோஜினி மாட்டேன் என்றுவிட்டாளாம். அது தங்கத்தின் இடமாம்.

வேலை முடிந்து, சோறும் முடிந்து, கூலி கொடுக்கிற நேரம். ஒரு வார்ப்புக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசி வாங்கி, அவர்களுக்குள் சமமாகப் பிரித்துக்கொள்வார்கள். சரோஜினி பணக்கட்டைப் பிரித்து மணல் குவியல்மேல் விரித்த துண்டில் பங்கு வைத்தாள். ஜெபமணி போன் பேசிக்கொண்டே பார்த்தவர், பேச்சை நிறுத்தினார்.

"பன்னெண்டு பங்கு வைக்கிய. ஆளு பதினொண்ணுதானே?"

"ஒண்ணு தங்கத்துக்கு."

"அவ இண்ணைக்கு ஒரு சட்டி தூக்கினாளா? அவளுக்கு என்ன கணக்குல பங்கு?"

சரோஜினி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பன்னிரண்டாவது பங்கைத் தனியாக எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"குலைக்கு அவ்வளவு கொடுத்தீராமே மொதலாளி, அதுல எத்தனை காய் உண்டுன்னு எண்ணிப் பாத்திட்டா கொடுத்தீரு?"